அரிசியை அளக்கச் சொன்னால் வாயில் போடுகிறாள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. எடை 22 கிலோ, உயரம் 122 செ.மீ. காய் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சமையலில் சேர்த்துக்கொண்டால் சாப்பிடுவாள் என்று படித்ததால், கொஞ்ச நாளாக அடுப்படியில் கூட வைத்துக்கொள்கிறேன். ஆசையாகத்தான் வருகிறாள். அரிசியை அளக்கச் சொன்னால் மட்டும் கைப்பிடி கைப்பிடியாக வாயில் போட்டு மெல்கிறாள். "கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்று மாமியார் சிரிக்கிறார். நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இளைத்துவிட்டாள் என்றும் சொல்கிறார். பசி எடுக்க மெடிக்கலில் கேட்டு ஒரு டானிக் கொடுத்து வருகிறேன். நான்-ஸ்டிக், மைக்ரோவேவ், காய்கறியில் பூச்சிமருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பயமுறுத்துகிறது. சூடு பட்டுவிடுமோ என்ற பயம் வேறு.
- வாசகி, விருதுநகர்

பதில்: மகள் இளைக்கவில்லை. இந்த உயரத்துக்கு 22 கிலோ சரியான எடைதான். டாக்டர் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள். நீங்கள் வேலைக்குப் போவதை இதில் இழுக்க வேண்டாம்.

கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அரிசிதான். எப்போதோ நாலு அரிசியை வாயில் போடாத குழந்தை கிடையாது. தினமும், கைப்பிடியாக, தேடிப் போய்த் தின்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சாக்பீஸ், பல்பம், மண், விபூதி தின்னும் குழந்தைகளும் இதே வரிசைதான். அரிசி தின்பதால் ரத்தசோகை வருகிறது என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது தலைகீழ்: இரும்பு குறைந்ததால்தான் அந்த ஆசையே வருகிறது. அதட்டினால் நிற்காது, ஒளித்துத் தின்பாள்.

கீழ் இமையை இழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முன்பு ஓடியாடியவள் இப்போது உட்கார்ந்தே இருக்கிறாளா என்று கவனியுங்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அதற்கு மேலே இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், அதனால்தான் இரண்டையும் கேட்கிறேன்.

அதற்குள் நீங்களாக இரும்பு டானிக் வாங்கிவிடாதீர்கள். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. அளவு மீறினால் இரும்பு குழந்தைக்கு விஷம். மருத்துவர் எழுதித் தந்தால், அரிசி ஆசை சில வாரங்களிலேயே அடங்கிவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள்.

பசி டானிக்கை இன்றே நிறுத்துங்கள். புட்டியைத் திருப்பிப் பாருங்கள், சைப்ரோஹெப்டடின் என்று இருக்கலாம். அது ஒவ்வாமைக்கான மருந்து. குடிக்கும்வரை பசிக்கும், வகுப்பில் தூங்கி விழுவாள், விட்டதும் பழைய கதைதான். மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கிறார்கள் என்பதற்காக அது மிட்டாய் ஆகிவிடாது.

வாட்ஸ்அப் விஷயங்கள்: காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சு உரிந்த தவாவை மாற்றுங்கள், வெறும் தவாவைக் காய வைக்காதீர்கள். மைக்ரோவேவ் புற்றுநோய் தராது. அவ்வளவுதான்.

அடுப்படி வேலையை மட்டும் விடாதீர்கள். முருங்கைக்கீரைக் கொத்தை ராத்திரி ஒரு துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறியதும் இலை பொலபொலவென்று கொட்டும். அந்த உதறும் வேலையை அவளிடம் கொடுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தால் எலுமிச்சம்பழம் பிழிவது அவள் பொறுப்பு. இது சும்மா வேடிக்கைக்கு இல்லை. கீரை, பயறில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி அதற்குக் கை கொடுக்கும், டீ தடுத்துவிடும். எட்டு வயதுக்கு டீயே வேண்டாம். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், பாலிலேயே வயிறு நிறைந்தவளுக்கு எங்கே பசிக்கும்? வீட்டில் அசைவம் உண்டென்றால் ஈரலும் மீனும் கீரையைவிட வேகமாக வேலை செய்யும். பீட்ரூட் சாறு ரத்தமாக மாறாது, நிறம் மட்டும்தான் ஒற்றுமை.

அவள் ஆய்ந்த கீரையை அவளே சாப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். உப்பு சரியா என்று ருசி பார்க்கச் சொல்லுங்கள், போதும். ஒரு காயைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

தாளிப்பு, குக்கர், மிக்ஸி, அரிவாள்மனை நான்கும் இப்போதைக்கு உங்களுடையவை. குழம்புச் சட்டியின் கைப்பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சூடு பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் அவள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.