ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் கேள்வி-பதில்: மோதிய பிறகு என்ன செய்வது?

கேள்வி: என்னுடையது 1/10 அளவு ஆர்சி டிரக். காம்பவுண்ட் சுவரில் மோதி முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கை) உடைந்தது. புதிது வாங்கிப் போட்டேன், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே ஆர்ம் போய்விட்டது. நண்பர் அலுமினியம் போடச் சொல்கிறார். போடலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த ஆர்ம் உடைந்ததால்தான் மற்ற பாகங்கள் தப்பியிருக்கின்றன. சுவரில் மோதும் வேகம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். நைலான் ஆர்ம் முதலில் வளையும், தாங்கவே முடியாதபோது உடையும், அத்தோடு அடியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அலுமினியம் போட்டால் ஆர்ம் நிற்கும், ஆனால் அடி அப்படியே உள்ளே இறங்கி, ஆர்ம் மாட்டியிருக்கும் பல்க்ஹெட்டைப் பிளக்கும். ஆர்ம் மாற்றுவது சில ஸ்க்ரூக்களோடு முடிகிற வேலை, பல்க்ஹெட் என்றால் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். இன்னொன்று, அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், எதனால் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஷாக், மோட்டார் மவுன்ட் போன்ற இடங்களில் உலோகம் நல்லதுதான், மோட்டார் மவுன்ட்டில் சூட்டையும் அது வெளியே கடத்தும். முதல் அடி வாங்குகிற பாகத்துக்கு மட்டும் வேண்டாம்.

அதே ஆர்ம் இரண்டு முறை போனதற்கு ஹிஞ்ச் பின்னும் காரணமாக இருக்கலாம். ஆர்ம் உடையும்போது அதைத் தாங்கும் அந்த எஃகுக் கம்பியும் லேசாக வளைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கழற்றி ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், தடுமாறி உருண்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள். மாட்டியதும் ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கி விடுங்கள், தன் எடையிலேயே தொப்பென்று கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் ஹிஞ்ச் பின் இறுக்குகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கிற ஆர்ம் சின்ன மோதலுக்கே முறிந்துவிடும்.

புதிய நைலான் ஆர்மை மாட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு வைக்கிற பழக்கம் ஆர்சி ஆட்களிடம் உண்டு, அது வெறும் நம்பிக்கை இல்லை. நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள், நன்றாகக் காய்ந்திருந்தால் மொறமொறவென்று முறியும், ஈரம் ஏறினால் வளைந்து கொடுக்கும்.

கேள்வி: என் மகனுடைய கார் மாடிப்படியில் உருண்டு விழுந்தது. கார் ஓடுகிறது, ஆனால் பேட்டரி லேசாக உப்பியது போல் தெரிகிறது. நன்றாகத்தான் சார்ஜ் ஏறுகிறது என்கிறான். விட்டுவிடலாமா? (மதுரை வாசகி)

பதில்: விடாதீர்கள் அம்மா, இன்றே அந்தப் பேட்டரியைச் சார்ஜ் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியாகத்தான் இருக்கும். உப்பியிருப்பது உள்ளே உருவான வாயு, அப்படியென்றால் செல் கெட்டுவிட்டது. சார்ஜ் ஏறுவதை வைத்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அடிபட்ட லைப்போ அந்த நேரத்தில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு தீப்பிடிப்பதும் உண்டு, அதனால் கட்டில் மேலும் அலமாரியிலும் வைக்காமல் வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், மணல் போட்ட மண்தொட்டியில் வையுங்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புதிய பேட்டரி வாங்கும்போது எல்லா செல்லையும் ஒரே அளவுக்கு ஏற்றுகிற பேலன்ஸ் சார்ஜரும் இருக்கட்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது, சில நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8 வோல்ட் பக்கத்தில் விட வேண்டும். மகனிடம் இதைக் கோபமாகச் சொல்லாமல் உட்கார வைத்துக் காட்டுங்கள், இந்த வயதில் பிள்ளைகள் இதையெல்லாம் ஆர்வமாகக் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: மோதலுக்குப் பிறகு ஸ்டியரிங் திருப்பினால் கர்ரென்று சத்தம் மட்டும் வருகிறது, சக்கரம் திரும்பவில்லை. (திருச்சி வாசகர்)

பதில்: முன்சக்கரங்களைத் திருப்புகிற சின்ன மோட்டார்தான் சர்வோ, அதன் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். உறுதி செய்யாமல் வாங்க வேண்டாம். சர்வோவிலிருந்து லிங்க்கை (சக்கரத்துக்குப் போகும் இணைப்புக் கம்பி) கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்து தண்டு நின்றாலோ வழுக்கினாலோ பல் போய்விட்டது. தண்டு ஒழுங்காகத் திரும்பினால் சர்வோ சேவரைப் பாருங்கள், சக்கரத்தில் படும் அடி சர்வோவுக்குப் போகாமல் தடுக்கிற ஸ்பிரிங் அமைப்பு அது, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது பிளாஸ்டிக் விரிந்திருக்கும். சர்வோவையே மாற்ற வேண்டி வந்தால் மெட்டல் கியர் வாங்குங்கள், ஆனால் நல்ல சேவரும் கூடவே இருக்க வேண்டும். அப்புறம், ஹார்னை (சர்வோ தண்டில் மாட்டுகிற சின்னக் கை) மாட்டுவதற்கு முன் ரிமோட்டையும் காரையும் ஆன் செய்து, ரிமோட்டில் நடுநிலையைச் சரிசெய்கிற டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நடுவில் நிற்கும்போது மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

கேள்வி: பாடி ஷெல் சக்கரத்துக்கு மேலே கிழிந்துகொண்டே போகிறது. சூப்பர் க்ளூ நிற்கவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: ஷெல் பாலிகார்பனேட், ஓடும்போது அது வளைந்து வளைந்து நிமிரும். காய்ந்ததும் கல்லாகிவிடும் பசை அதில் நிற்காது. முதலில் விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை போடுங்கள், விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து (தின்னர், பெட்ரோல் படவே கூடாது, ஷெல் விரிசல் விட்டுவிடும்), ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு ஒட்டுகிற ஃபைபர் வலை டேப்பை விரிசல் மேல் வைத்து, ஷூ கூ போன்ற ரப்பர் பசையைத் தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கம் கோடு தெரியும்தான், ஆனால் நன்றாக உழைக்கும்.

கேள்வி: மோட்டாரைக் கழற்றி மாட்டியதிலிருந்து கியர் கீச்சிடுகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: பினியனுக்கும் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியர்) ஸ்பர் கியருக்கும் (அது சுற்றிவிடுகிற பெரிய கியர்) நடுவே ஒரு துண்டு நோட்டுத்தாளை வைத்து, மோட்டாரை நெருக்கி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வந்தால் இடைவெளி சரி.