கண் காய்ந்தால் கண்ணீர் ஏன் வடிகிறது?

கேள்வி: டொக்டர், கொக்குவிலில் வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்கிறேன். பின்னேரமானால் கண்ணுக்குள் மண் விழுந்ததுபோல உறுத்துகிறது, கண்ணீரும் வடிகிறது. கண் காய்ந்துவிட்டது என்கிறார்கள். காய்ந்த கண்ணில் எப்படி நீர் வரும்? பாமசியில் வாங்கிய சிவப்பு மாற்றும் மருந்தை விட்டால் கொஞ்ச நேரம் வெளுத்து, பிறகு கூடச் சிவக்கிறது. அம்மா நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறா. விடலாமா?

பதில்: பூச்சாறு வேண்டாம், பிள்ளை. கசக்கிப் பிழிந்த சாற்றோடு கிருமியும் உள்ளே போகும். கருவிழியில் புண் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அம்மா அக்கறையில்தான் சொல்லுறா, ஆறுதலாக விளங்கப்படுத்துங்கோ.

கண்ணை எந்நேரமும் நனைத்து வைத்திருக்கிற நீர் வேறு, உறுத்தல் தாங்காமல் வடிகிற நீர் வேறு. முதலாவதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்து ஆவியாகாமல் காக்கிறது. இமையோரச் சுரப்பிகளிலிருந்து அந்த எண்ணெய் வெளிவந்து பரவுவது நாம் இமைக்கும்போதுதான். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவையளவில் இமைக்கிறோம். திரையைப் பார்த்திருந்தால் அது 5, 7 ஆகக் குறைந்துவிடும். அதிலும் பல தடவை மேலிமை கீழிமையை முட்டுவதேயில்லை. எண்ணெய் பரவாததால் நீர் ஆவியாகிக் கண் காய்கிறது. அந்த உறுத்தலில்தான் மற்ற நீர் வடிகிறது.

இப்படி வருகிற இளம்பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, மேசை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்றுதான். சோளகம் வீசுகிற மாதங்களில் யன்னலுக்கு நேரே இருந்து, மின்விசிறியையும் முகத்துக்குத் திருப்பி வைத்தால் எந்த மருந்தும் நின்று பிடிக்காது. மேசையைத் திருப்பிப் போடுங்கோ. திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அப்போது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், காற்றுப் படுகிற பரப்பும் குறையும். 20 நிமிடத்துக்கு ஒருக்கால், 20 அடிக்கு அப்பாலுள்ள ஏதாவது ஒரு பனையை 20 விநாடி பாருங்கோ. அந்த நேரத்தில் இமைகள் முட்ட மூடித் திறக்க மறக்க வேண்டாம்.

சிவப்பு மாற்றும் மருந்தை இன்றே நிறுத்துங்கோ. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குமே தவிரக் கண்ணை நனைக்காது. மருந்தின் வேகம் குறைய, குழாய்கள் முன்னையிலும் விரியும். கார்பொக்சிமெதில்செலுலோஸ் சேர்ந்த செயற்கைக் கண்ணீர் போதும். நாளுக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதனப்பொருள் (மருந்து பழுதாகாமலிருக்கச் சேர்ப்பது) சேராததைக் கேட்டு வாங்குங்கோ. ஸ்டீரொயிட் கலந்த துளிமருந்தை வைத்தியர் எழுதித் தராமல் தொடவே கூடாது, கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும். படுக்கமுன் இளஞ்சூட்டுத் துணியை மூடிய இமைமேல் 5 நிமிடம் வையுங்கோ.

வாயும் காய்ந்து மூட்டும் நோகிறதென்றால் கண் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். வெளிச்சம் கூசி வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே போங்கோ. இப்போது பாவிக்கிற மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கோ, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.