சென்னை 2013, முதல் ஆட்டம்: உங்கள் கேள்விகள்

உலக செஸ் சாம்பியன் போட்டி, கார்ல்சன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு, 16 நகர்வில் டிரா. கேளுங்கள்.

கேள்வி: என்ன ஓப்பனிங் சார்?

ரேட்டி, அதே பெயருள்ள ஆட்டக்காரரின் தொடக்க முறை. கார்ல்சன் முதலில் குதிரையை எஃப்3 கட்டத்துக்கு எடுத்தார். இருவருமே ஜி சிப்பாயைத் தள்ளி, பிஷப்பை அங்கே வைத்துக் கோட்டை கட்டிவிட்டார்கள்.

கேள்வி: வெள்ளை ராணி ஏன் பி3, ஏ3 என்றே அலைந்தது?

நல்ல கேள்வி. போர்டில் வைத்துப் பாருங்கள். ஆனந்தின் ஒரு குதிரை சி4இல் வந்து பி2 பிஷப்பை மிரட்டியது. பிஷப் சி1க்குத் திரும்பியது. உடனே இன்னொரு குதிரை டி5க்கு வந்தது. இப்போது சி3இல் இருக்கும் வெள்ளைக் குதிரைக்குக் காவல் இல்லை. ராணி பி3 வந்து காத்தது. சி4 குதிரை ஏ5 போய் ராணியைத் தாக்கியது. ராணி ஏ3 போனால் குதிரை மறுபடி சி4. ஏ3இலிருந்து ராணி பி4 போனால் டி5 குதிரை வெட்டிவிடும். ஏ4 போனால் சி3 குதிரை போவதோடு ராணிக்கும் அடி விழும். பி3தான் மிச்சம். ஆனந்தின் இந்த இரண்டு குதிரைகளும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

கேள்வி: 16 நகர்வில் டிரா, பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம் இல்லையா?

இல்லை. ஆனந்த் கறுப்பில் ஆடி அரைப் புள்ளி எடுத்திருக்கிறார்.

கேள்வி: (அவரே) கார்ல்சன் வேறு நகர்வு ஆடி விலகியிருக்கலாமே?

13ஆவது நகர்வில் டி5 குதிரையை வெட்டியிருக்கலாம். கறுப்பின் சி சிப்பாய் திருப்பி வெட்டி, சி4 குதிரைக்குத் தூணாக நின்றிருக்கும். அதில் வெள்ளைக்கு என்ன லாபம்? நான்காவது ஆட்டம் 64 நகர்வு, அதுவும் டிராதான். நீளத்தை வைத்து ஆட்டத்தை எடை போடாதீர்கள்.

கேள்வி: மூன்று முறை ஒரே நிலை வந்ததா?

17ஆவதாக ராணி பி3 போயிருந்தால் மூன்றாவது முறை, டிரா கோரலாம். கவனம்: டிரா கோருபவர் அந்த நகர்வை எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிட வேண்டும், காயைத் தொடக் கூடாது. என் மாணவன் ஒருவன் நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டு நடுவரைத் தேடினான். கோரிக்கை செல்லவில்லை, ஆட்டமும் போனது.

கேள்வி: நகர்த்திவிட்டுக் கேட்டால்?

மேலே சொல்லிவிட்டேன். எழுதுங்கள், நகர்த்தாதீர்கள்.

கேள்வி: தொடர்ந்து செக் வைத்தால்?

அதே விதிதான். எழுதுங்கள், அப்புறம் நடுவர்.

கேள்வி: ரேட்டி படிக்க எங்கே தொடங்கலாம்?

1924 நியூயார்க்கில் ரேட்டி கபாபிளாங்காவை வென்ற ஆட்டம். காயை வைத்து மெதுவாக ஆடிப் பாருங்கள்.