மலை வேட்டைக்கு ஸ்கோப் 65ஆ 85ஆ?

அஞ்சு நாள் பைய முதுகுல சுமந்துட்டு மலை ஏறப் போறேன், தூரத்து மிருகத்தப் பாக்குற ஸ்பாட்டிங் ஸ்கோப்ல (ஒத்தக்கண் தொலைநோக்கி) முன் லென்ஸ் 65 மிமீ வாங்கவா 85 வாங்கவான்னு கேட்டிருந்தீங்க. யோசிக்காம 65 எடுங்க. 85ல விடியக்காலையும் அந்தியிலயும் வெளிச்சம் கூட கிடைக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா வெயிட்டு ஸ்கோப்போட நிக்காது, அத ஆடாம தாங்க டிரைபாடும் பெருசா வேணும், ரெண்டும் சேந்து முதுக ஒடிச்சிரும்.

60 எக்ஸ் (60 மடங்கு பெருசாக் காட்டுற) ஜூமுக்கெல்லாம் மயங்காதீங்க. லென்ஸ் அளவ ஜூமால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம், 65ல 60 எக்ஸ் வச்சா 1.1 மிமீ கூட தேறாது, மங்கிடும், 30 எக்ஸ்னா 2.2 கிட்ட வரும். வெயில் ஏறிட்டா கானல் வேற அலையடிக்கும், அப்போ எந்த லென்ஸா இருந்தாலும் ஜூம குறைச்சுதான் ஆகணும். நான் பாதி நேரம் 25, 30லதான் வச்சிருப்பேன்.

கண் வைக்கிற பக்கம் மேல சாஞ்சிருக்குற ஆங்கிள்ட் மாடல் வாங்குங்க, தரையில உக்காந்து மேட்டப் பாக்க கழுத்து வலிக்காது, குட்டை டிரைபாடே போதும். என்ன, ஸ்கோப்ப மிருகத்துப் பக்கம் சரியா திருப்ப கொஞ்சம் பழகணும். மிச்ச காச நல்ல டிரைபாட் ஹெட்ல (ஸ்கோப்ப மாட்டித் திருப்புற மேல்பகுதி) போடுங்க (நான் இதுல கஞ்சத்தனம் பண்ணி காத்துல படம் ஆடி ஒரு சீசனே வீணாச்சு), பைனாகுலரையும் அதுலயே மாட்டித் தேடுங்க, கொம்பு பாக்க மட்டும் ஸ்கோப்ப வெளிய எடுத்தா போதும்.