கோல்டு கார்டு ஒன்று, குடும்பத்தில் நான்கு பேர்: லவுஞ்சுக்குள் யார் யார் போகலாம்?

கேள்வி: என் கணவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அடிக்கடி பறப்பவர்களுக்கான கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் கோல்டு உறுப்பினர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி போகிறோம், எகானமி டிக்கெட். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 23 மாதம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். நால்வரும் அங்குள்ள லவுஞ்சுக்குள் (பயணிகள் ஓய்வறை) போக முடியுமா? என் கிரெடிட் கார்டில் பிரையாரிட்டி பாஸும் (பல விமான நிலைய லவுஞ்சுகளில் நுழைய உதவும் அட்டை) இருக்கிறது.

பதில்: கணவரின் கார்டை மட்டும் வைத்து நால்வரும் போக முடியாது. கிரிஸ்ஃப்ளையர் கோல்டு என்றால், ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியிலும் கோல்டு. அதில் உறுப்பினரோடு ஒரே ஒரு கெஸ்ட்தான் போகலாம். அந்த கெஸ்ட்டும் ஸ்டார் அலையன்ஸ் விமானத்தில் பறப்பவராக இருக்க வேண்டும். 2 வயது நிரம்பாத கைக்குழந்தையைப் பொதுவாக கெஸ்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. மகள் கணக்கில் வருவாள். "சின்னக் குழந்தைதானே" என்று வாசலில் கேட்டுப் பயனில்லை. விமான நிறுவனம் வேறொருவர் நடத்தும் லவுஞ்சைப் பயன்படுத்தும் ஊர்களில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போகிறது. கணக்கில் வராத ஒருவரை உள்ளே விட்டால் அந்தக் காசு லவுஞ்ச் நடத்துபவர் தலையில்தான் விழும்.

கணவர் மகளை கெஸ்ட்டாக அழைத்துப் போக, நீங்கள் பிரையாரிட்டி பாஸைக் காட்டலாம் என்று தோன்றும். ஆனால் சாங்கியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த லவுஞ்சுகளில் பிரையாரிட்டி பாஸ் செல்லாது. ஆளுக்கொரு லவுஞ்சில்தான் உட்கார வேண்டிவரும்.

எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் பிரையாரிட்டி பாஸ் ஏற்கும் லவுஞ்சுக்கே போங்கள். ஆனால் கணவரும் மகளும் அங்கே உங்கள் கெஸ்ட் ஆவார்கள். பல கார்டுகளில் கெஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தலைக்கு 35 டாலர் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 41.30 டாலர். ஒருவருக்கே 3,500 ரூபாயைத் தாண்டிவிடும், அதுவும் பிறகு வரும் பில்லில்தான் தெரியும். வரவேற்பில் கையெழுத்துப் போடும் முன் கெஸ்ட் எண்ணிக்கை எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் எனப் பாருங்கள். மகனையும் சேர்த்து 3 என்று பதிந்திருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். உங்கள் வங்கி ஆட்-ஆன் கார்டுக்கும் (குடும்பத்தினர் பெயரில் வாங்கும் கூடுதல் கார்டு) தனி பிரையாரிட்டி பாஸ் தருகிறதென்றால் கணவர் பெயரில் ஒன்று வாங்கிவிடுங்கள். அப்போது மகளுக்கு மட்டும்தான் கட்டணம்.

இலவச வயது எல்லா லவுஞ்சிலும் ஒன்றல்ல. பிரையாரிட்டி பாஸ் செயலியில் அந்தந்த லவுஞ்சின் நிபந்தனைகள் பகுதியில் குழந்தைகளின் வயதும், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதும் இருக்கும். 3 மணி நேரம்தான் என்று பல இடங்களில் போட்டிருக்கும். உங்கள் ஐந்து மணி நேரத்துக்கு அது போதாது. கடைசி மூன்று மணி நேரத்துக்கு உள்ளே போவதுதான் நல்லது. அதுவரை குழந்தைகளுக்கு டெர்மினல் 3-இன் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது, காசு கிடையாது. பால் கொடுக்கவும் டயப்பர் மாற்றவும் தனி அறைகள் விமான நிலையத்திலேயே உண்டு. அதற்காக மட்டும் லவுஞ்சுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: சிட்னியிலிருந்து திரும்புவதற்குள் மகனுக்கு 2 வயது ஆகிவிடும். அப்போது?

பதில்: பிறந்தநாளுக்குப் பிறகு ஏறும் விமானங்களில் அவனுக்குத் தனி சீட்டும் குழந்தைக் கட்டணமும் வேண்டும். டிக்கெட் போடும்போதே பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்து அதற்கேற்ற டிக்கெட் வாங்குங்கள். லவுஞ்சிலும் அவன் ஒரு தலையாகிவிடுவான். போகும்போது கணக்கில் வராதவன் வரும்போது வருவதால் பலர் வாசலில் திகைத்து நிற்கிறார்கள். போகும் பயணத்தில் வயதைக் கேட்டால் கைக்குழந்தை என்று குறித்த போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும்.

கேள்வி: இருவருக்கும் பிசினஸ் கிளாஸ் அப்கிரேட் கிடைத்தால் மகளை எகானமி டிக்கெட்டிலேயே லவுஞ்சுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: பிசினஸ் கிளாஸ் டிக்கெட் அவரவருக்கு மட்டும்தான், கெஸ்ட் உரிமை அதில் இல்லை. கணவர் கோல்டு உறுப்பினர் என்பதால் அந்த ஒரு கெஸ்ட் இடத்தை மகளுக்குக் கொடுக்கலாம். நீங்கள் உங்கள் டிக்கெட்டிலேயே நுழைந்துவிடுவீர்கள். ஆனால் சாங்கியில் கோல்டு உறுப்பினரின் கெஸ்ட்டுக்கு கிரிஸ்ஃப்ளையர் கோல்டு லவுஞ்ச்தான், பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச் இல்லை. நால்வரும் அங்கே ஒன்றாக உட்கார முடியுமா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.