நகர வழக்கறிஞரின் விளக்கம் ஒருபக்கமாக இருந்தால்

கலிபோர்னியாவில் உங்கள் ஊரில் வாக்கெடுப்புக்கு வரும் விற்பனை வரித் தீர்மானத்துக்கு, வாக்காளர் கையேட்டில் அச்சிட நகர வழக்கறிஞர் எழுதிய விளக்கம் 'அவசியமான சாலைப் பணிகள்' என்று ஆதரவாகப் பேசுகிறது, மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் நாள் ரொம்பக் குறைவு. தேர்தல் சட்டம் 9280ஆம் பிரிவுப்படி அது 500 சொற்களுக்குள், நடுநிலையாக, இப்போதுள்ள சட்டம் எப்படி மாறும், தீர்மானம் எப்படிச் செயல்படும் என்று காட்ட வேண்டும். அச்சுக்கு முன் 10 நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள், அதற்குள் அந்த ஊர் வாக்காளர் யாராக இருந்தாலும் 9295ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போகலாம். தொனி பிடிக்கவில்லை என்றால் மட்டும் போதாது. பொய், திசைதிருப்புவது அல்லது சட்டத்துக்குப் பொருந்தாதது என்று தெளிவான, உறுதியான ஆதாரம் வேண்டும், அச்சுப் பணியும் பெரிதாகத் தடைபடக் கூடாது. என்னைக் கேட்டால், அந்தச் சொல்லைவிட, பணம் சாலைக்கென்று ஒதுக்கப்படாமல், எதற்கும் செலவிடக்கூடிய பொது நிதிக்குப் போவதை மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் வலுவான பிடி. இன்றே நகர கிளார்க் அலுவலகத்தில் கடைசி நாளைக் கேளுங்கள்.