உலகமயமாதல் ஒரு சாதாரண ஊரை எப்படி மாற்றுகிறது?

உலகமயமாதலால் எளிய மக்கள் வாழ்ந்தார்களா, வீழ்ந்தார்களா என்ற கேள்விக்குத் திருப்பூரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த அந்த ஊர், 1980களிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு டி-ஷர்ட் தைக்கும் ஊரானது. ஒவ்வொரு நாடும் இவ்வளவு துணிதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பிட்ட பன்னாட்டு ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்தபின் ஆர்டர்களும் போட்டியும் சேர்ந்தே பெருகின.

நிலமற்ற விவசாயக் கூலிகள் டெய்லர்களானார்கள், சிலர் முதலாளிகளும் ஆனார்கள். கையில் வாரச் சம்பளம் வந்ததால் பெண்களின் சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் கூடியது. ஆனால் அந்தச் சம்பளம் பெரும்பாலும் 'ஒன்றரை ஷிப்ட்', அதாவது பன்னிரண்டு மணி நேரம், நின்றும் உட்கார்ந்தும் உழைத்துப் பெற்றது. வாங்குபவர் விலையைக் குறைக்கும்போதெல்லாம் அந்தச் சுமை கடைசியில் பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் ஒவ்வொரு துணிக்கும் தரும் கூலியில்தான் வந்து விழுகிறது. இப்போது ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி அதே இயந்திரங்களில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதில் பெரிய விலை கொடுத்தது ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆறுதான். பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகி, அதைச் சுற்றிய கிணறுகளும் தோட்டங்களும் உப்பேறிப் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது வேலையிழந்தவர்களோ, மாசுக்குக் காரணமான எந்த முடிவும் எடுக்காத தொழிலாளர்கள்.